குடிபெயர்தலும் இயற்கை இடரும்: பன்னீராண்டுப் பஞ்சம் முதல் தபதி வெள்ளம் வரை

சங்கத்தின் பொங்கல் விழா முடிந்து பந்தி நடக்கும்போது ஒரு கேள்வி இலைக்கு இலை வந்துகொண்டே இருக்கும். "ரிட்டயர் ஆனப்புறம் எங்கே சார் செட்டில் ஆகப் போறீங்க?" சென்னை என்பார் ஒருவர். கோயம்புத்தூர் கிளைமேட் போல வருமா என்பார் இன்னொருவர். பிள்ளை இருக்கிற பெங்களூரே போதும் என்பார் மூன்றாமவர். ரசம் வருவதற்குள் பேச்சு சதுர அடி விலைக்குப் போய்விடும். அந்த மனையில் மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே நிற்கும், சித்திரை வெயிலில் கிணற்றில் எத்தனை அடியில் கிடக்கும் என்று கேட்பவரை நான் அதிகம் கண்டதில்லை. இந்த ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று செயலாளர் கேட்டபோது இதைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றிற்று. காரணம், இப்போது அந்தக் கேள்வி என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பட்டம் பெற்ற ஆய்வாளன் அல்லன். ஆரணிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, 1984ல் இருபத்து மூன்று வயதில் சூரத்துக்கு வந்த சரிகை வியாபாரி. காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் தறியில் ஏறுகிற சரிகைக்குச் சூரத்தை நம்பியிருந்த காலம் அது. பகலில் சரிகைப் பெட்டி, இரவில் புத்தகம் என்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஆகவே இதில் வணிகன் புத்தி சற்றுத் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குடிபெயர்தல் என்றவுடன் எங்கள் சமணக் குடும்பங்களில் முதலில் நினைவுக்கு வருவது பன்னீராண்டுப் பஞ்சம். என் பாட்டி எந்தப் புத்தகமும் படித்தவள் இல்லை. ஆனாலும் தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால், "பன்னெண்டு வருஷம் மழை இல்லாம போனதை மறந்துட்டியா?" என்று கேட்பாள், ஏதோ அவளே அதைப் பார்த்தவள் போல. கதை இதுதான். வடநாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் பஞ்சம் வரப்போகிறது என்று பத்திரபாகு முனிவர் முன்னறிந்து சொல்ல, பெரிய முனிவர் கூட்டம் ஒன்று தெற்கு நோக்கி நடந்தது. மௌரிய சந்திரகுப்தன் அரசைத் துறந்து உடன் வந்தான். கர்நாடகத்துச் சிரவணபெளகொளாவில் இருவரும் நோன்பிருந்து உடல் நீத்தார்கள். பத்திரபாகுவுக்குப் பின் விசாகாசாரியர் தலைமையில் ஒரு பகுதியினர் மேலும் நடந்து சோழ பாண்டிய நாடுகளுக்கு வந்தார்கள் என்பது எங்கள் மரபு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்தை ஒட்டிய செய்தி இது.

இதை அறிஞர்கள் அனைவரும் ஒப்புக்கொள்வதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிரவணபெளகொளாவில் சந்திரகிரி மலைமேல் உள்ள பழைய கல்வெட்டு சுமார் கி.பி. 600ஐச் சேர்ந்தது. அதாவது நிகழ்ச்சிக்கும் கல்வெட்டுக்கும் நடுவே எட்டு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. அதில் பிரபாசந்திரர் என்ற பெயர்தான் வருகிறது. அவரே சந்திரகுப்தன் என்று கொள்வோர் உண்டு, மறுப்போரும் உண்டு. சுவேதாம்பரர் மரபில் பத்திரபாகு நேபாளத்துக்குப் போனார் என்று இருக்கிறது. இந்த வழக்கைத் தீர்க்க எனக்குத் தகுதியில்லை. எனக்கு வேண்டியது அந்தக் கல்வெட்டில் உள்ள வேறொரு விஷயம். உச்சயினியில் பன்னிரண்டு ஆண்டுக் கேடு முன்னறிவிக்கப்பட்டது, சங்கம் வடக்கிலிருந்து தெற்கே புறப்பட்டது என்று சொல்லிவிட்டு, அவர்கள் வந்து சேர்ந்த நாடு எப்படிப்பட்டது என்பதையும் அது சொல்கிறது. பல நூறு ஊர்கள், மகிழ்ச்சியான மக்கள், செல்வம், பொன், விளைந்த பயிர், பசு, எருமை, வெள்ளாடு, செம்மறி என்று ஒரு நீண்ட வரிசை.

படிக்கிறவர்கள் இதை வெறும் வருணனை என்று தாண்டிப் போய்விடுவார்கள். கையில் எதுவும் வைத்துக்கொள்ளாத துறவிகளுக்குப் பொன் எதற்கு, எருமை எதற்கு? சமணத் துறவி தானே சமைப்பதில்லை. இல்லறத்தார் தமக்கென்று சமைத்ததில் ஒரு பிடி ஏற்பவர். இல்லறத்தான் வீட்டில் அடுப்பு எரிந்தால்தான் துறவியின் விரதம் நிற்கும். ஆக அந்த வரிசை ஒரு கணக்கு. ஊர் எத்தனை, பயிர் எத்தனை, மாடு எத்தனை, எல்லாவற்றுக்கும் மேலாக வறட்சி தாங்குகிற ஆடு எத்தனை. கூட்டத்தில் யாரோ ஒரு நல்ல வணிகன் இருந்திருக்க வேண்டும் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவர்கள் தங்கிய ஊரின் பெயரையும் பாருங்கள். பெளகொள என்றால் கன்னடத்தில் வெள்ளைக் குளம். இரண்டு மலைக்கு நடுவே குளம்.

இன்னொன்று, இது என் ஊகம் மட்டுமே. வடநாடும் நடுநாடும் தென்மேற்குப் பருவமழையை நம்பியவை. அது பல ஆண்டு பொய்த்தால் கங்கைக் கரையிலிருந்து மாளவம் வரை சேர்ந்தே காயும். தமிழகத்துக் கீழ்க்கரைக்கோ ஐப்பசி கார்த்திகை மழை வேறொரு காற்றில் வருகிறது. ஒரு கணக்கில் நஷ்டம் வந்தால் இன்னொரு கணக்கு தாங்கும் என்பது போல. முனிவர்கள் காற்றின் கணக்கு அறிந்துதான் வந்தார்கள் என்று நான் வாதாடவில்லை. மழையில் உயிர்கள் மிதிபடக்கூடாது என்று ஆடி முதல் கார்த்திகை வரை நான்கு மாதம் ஓரிடத்தில் தங்கும் சாதுர்மாச விரதம் அவர்களுடையது. தமிழ்நாட்டுக்கு வந்தால் விரதம் முடிந்து புறப்படும் நேரத்தில் இங்கே அடைமழை கொட்டிக்கொண்டிருக்கும்! முதல் ஆண்டில் அவர்கள் என்ன செய்தார்களோ என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

என்ன செய்தார்கள் என்பதற்கு ஓரளவு சாட்சி மலையில் இருக்கிறது. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமண முனிவர் தங்கிய குகைகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மாங்குளம் குகையின் தமிழ்ப் பிராமி எழுத்துகள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டினவாகக் கணிக்கப்படுகின்றன. 1882ல் இராபர்ட் சூவெல் அவற்றைக் கண்டார், 1924ல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் அவை தமிழே என்று காட்டினார். ஐராவதம் மகாதேவன் 2003ல் வெளியிட்ட பெருநூலில் எல்லாவற்றையும் தொகுத்து வாசித்தார். அழகர்மலைக் குகையில் கொடை தந்தவர்கள் பட்டியலில் உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன் என்று வருகிறது. அறுவை என்றால் துணி. என் தொழில்காரன் ஒருவன் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் அங்கே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறான்.

எல்லாரும் எழுத்தைப் பார்க்கிறார்கள், கற்படுக்கையைப் பார்க்கிறார்கள். நான் 2009ல் போனபோது, கூட வந்த ஊர்ப் பெரியவர், "ஐயா, மேலே பாருங்க" என்றார். குகையின் நெற்றியில் பாறையை நீளவாக்கில் வெட்டி ஒரு காடி எடுத்திருக்கிறார்கள். மேலிருந்து பாறையோடு வழிந்துவரும் மழைநீர் அந்தக் காடியில் தட்டி வெளியே சொட்டும். உள்ளே படுக்கைக்கு வராது. எழுத்துகளும் பெரும்பாலும் அந்தக் காடிக்குக் கீழே நனையாத இடத்தில்தான் இருக்கின்றன. பள்ளத்தில் தங்காமல் மேட்டில் தங்கினார்கள், தண்ணீர் எந்த வழியாக வரும் என்று பார்த்து அதற்கு ஒரு கோடு கிழித்தார்கள், பிறகுதான் படுக்கை, பெயர் எல்லாம். வந்த இடத்தின் மழையை யாரோ உள்ளூர்க்காரர் அவர்களுக்குச் சொல்லித்தான் இருக்க வேண்டும்.

போகாமல் வடக்கிலேயே தங்கியவர்கள் கதி என்ன? எங்கள் மரபில் அவர்களைப் பற்றி நல்ல வார்த்தை கிடையாது. பஞ்சத்தில் விதிகளைத் தளர்த்திவிட்டார்கள், ஆடை உடுத்தத் தொடங்கினார்கள், பிரிவு அங்கேதான் முளைத்தது என்று சொல்வார்கள். சின்ன வயதில் நானும் அப்படியே நம்பினேன். 2006க்குப் பிறகு அவர்களை நான் குறை சொல்வதில்லை. அதற்குச் சூரத்துக் கதைக்குப் போக வேண்டும்.

அதற்கு முன் மணிமேகலையிலிருந்து ஒரு செய்தி. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட கதை எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பின் மிஞ்சியவர்கள் எங்கே போனார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அறவண அடிகளும் மாதவியும் சுதமதியும் வஞ்சிக்குப் போய், அங்கிருந்து காஞ்சிக்குப் போகிறார்கள். காஞ்சியிலோ மழையில்லாமல் கடும் பஞ்சம். மணிமேகலை அமுதசுரபியோடு அங்கே போக வேண்டியதாகிறது. நீர் மிகுந்து அழிந்த ஊரிலிருந்து நீரே இல்லாத ஊருக்கு! அது காப்பியம், வரலாறு அல்ல என்பது சரிதான். ஆனால் ஓடுகிறவன் பின்னால் வருகிற ஆபத்தைத்தான் பார்ப்பான், போகிற ஊரின் ஆபத்து வேறு முகத்தோடு நிற்கும் என்பது அந்தப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது.

இதற்கு அச்சொட்டான வரலாறு நாம் குடியிருக்கும் சூரத்திலேயே நடந்தது. 1837 ஏப்ரலில் இந்த நகரில் மூன்று நாள் தீ எரிந்தது. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. அந்த ஆண்டு முடிவதற்குள் தபதி ஆறு, இங்குள்ளவர்கள் சொல்லுகிற தாபி, அதுவரை காணாத உயரத்துக்கு ஏறி ஊரையே மூழ்கடித்தது. தீயில் மிஞ்சியதை நீர் கொண்டுபோயிற்று. பார்சி, பனியா, சமணப் பெருவணிகர் குடும்பங்கள் பல மூட்டை கட்டிக்கொண்டு பம்பாய்க்குப் போய்விட்டன. 1847ல் சூரத்தின் மக்கள் தொகை எண்பதாயிரம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஒரு காலத்தில் முகலாயப் பேரரசின் தலைவாசல் துறைமுகமாக இருந்த ஊர்!

தீயும் வெள்ளமும் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது தவறு. கம்பெனிக்காரர் 1687லேயே தலைமையிடத்தைப் பம்பாய்க்கு மாற்றிவிட்டார்கள். ஆற்று முகத்தில் மணல் மேடிட்டுப் பெரிய கப்பல் வருவது கடினமாகிவிட்டது. வியாபாரம் நூற்றைம்பது வருஷமாக நகர்ந்துகொண்டே இருந்தது. வணிகன் காலை வாசலில் வைத்துக்கொண்டுதான் நின்றான். 1837 பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளியது, அவ்வளவே. எந்தக் குடிபெயர்ச்சியை எடுத்துப் பார்த்தாலும் இந்தச் சேர்மானம் இருக்கும்.

அப்படிப் போனார்களே, எங்கே போனார்கள்? ஏழு தீவுகளை மண் கொட்டி இணைத்து உண்டாக்கிய, கடலோடு மட்டமான ஊருக்கு. அவர்களுக்கு அங்கே லாபம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து மும்பை மூழ்கியபோது, நான் சூரத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்து, "நம்ம ஊர் தேவலை" என்று மனைவியிடம் சொன்னேன். சரியாக ஓராண்டும் பன்னிரண்டு நாளும் கழித்து எனக்குப் பதில் வந்தது.

1986ல் ஆற்றுக்கு மேற்கே அடாஜண் பக்கம் கலப்புச் சரிகைப் பெட்டிகள் வைக்க ஒரு தரைத்தளக் குடோன் பிடித்தேன். பழைய நகருக்குள் கேட்ட வாடகையில் பாதி. எனக்குச் சரிகை இழுத்துத் தரும் வயதான காரீகர் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கே ரேல் வரும், சரக்கை மேலே வை என்றார். எனக்கு அப்போது குஜராத்தி அரைகுறை. ரயில் வந்தால் எனக்கென்ன, தண்டவாளம் அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது என்று சிரித்தேன். அவரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

சூரத்துக்காரர் பேச்சில் ரேல் என்றால் வெள்ளம். இது எனக்குத் தெரியப் பல வருஷம் ஆயிற்று. அவர் மனதில் இருந்தது 1968 ஆகஸ்டு வெள்ளம். பதினைந்து லட்சம் கன அடிக்கு மேல் ஆற்றில் வந்ததாகக் கணக்கு. பழைய தெருக்களில் வீடுகளின் தரை ஏன் தெருவிலிருந்து அத்தனை படி ஏறி இருக்கிறது என்பதும் எனக்கு உறைக்கவில்லை. அழகுக்கு என்று நினைத்தேன். அந்தக் காரீகர் வீட்டு மாடிப்படி ஓரத்தில் சுவரில் ஒரு கரிக்கோடு இருக்கும், சுண்ணாம்பு அடிக்கும்போது அதை மட்டும் விட்டு அடிப்பார்கள். அது 68ஆம் வருஷத்து நீர் நின்ற மட்டம். நம் ஊரில் 1876-78 பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வதைப்போல, இங்கே 1899-1900 பஞ்சத்தைச் சப்பனியோ என்பார்கள். விக்ரம ஆண்டு 1956ல் வந்ததால் ஐம்பத்தாறு. ஒவ்வொரு ஊரும் தன் ஆபத்தைத் தன் சொல்லில், தன் சுவரில் எழுதி வைத்திருக்கிறது. வந்து குடியேறுகிறவனுக்கு அந்தப் பாஷைதான் தெரியாது. பாதி வாடகைக்கு இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று நினைக்கிறான். உள்ளூர்க்காரன் வேண்டாம் என்று விட்ட இடம் அது.

அறியாமல் செய்த பிழை என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. 1994 செப்டம்பரில் ஆறு பொங்கியது. பின்னாலேயே பிளேக் பீதி. லட்சக்கணக்கானோர் ஊரை விட்டு ஓடினார்கள், நானும் குடும்பத்தோடு ஆரணிக்கு ஓடினவன்தான். 1998ல் மறுபடியும் வெள்ளம். குடோனில் முழங்கால் அளவு நீர், கீழ் வரிசைப் பெட்டிகள் போயின. அப்போது ரேல் என்ற சொல்லின் பொருள் நன்றாகவே தெரியும். ஆனாலும் காலி செய்யவில்லை. அடியில் மரப்பலகை போட்டு ஒரு முழம் உயர்த்தினேன். மேலே 1972லிருந்து உகாய் அணை இருக்கிறது, இனி 68 மாதிரி வராது என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். வாடகையில் மிச்சமாகிற பணம் மாதா மாதம் கண்ணுக்குத் தெரிகிறது. வெள்ளம் எட்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் தெரிகிறது.

2006 ஆகஸ்டு 7. அணையிலிருந்து ஒன்பது லட்சம் கன அடி வரை திறக்கப்பட்ட நீர் ஊருக்குள் வந்தது. ராக்கிப் பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்தது. பௌர்ணமி நெருங்கினால் கடலில் ஏற்றம் அதிகம், ஆற்று நீரைக் கடல் வாங்காது. நகரின் பெரும்பகுதி மூழ்கியது. அணையை முன்னாலேயே திறந்திருக்க வேண்டாமா என்ற விவாதம் பிறகு நெடுநாள் நடந்தது, நான் அதற்குள் போகவில்லை. எங்கள் குடியிருப்பில் முதல் மாடிக்கு இரண்டு படி மிச்சம் இருக்கும்போது நீர் நின்றது. நாங்கள் இரண்டாம் மாடி. கீழ் வீட்டுக் குஜராத்திக் குடும்பம் ஏழு பேர் எங்களோடு. மின்சாரம் இல்லை. சுற்றிலும் கடல்போல் நீர், குடிக்க நீர் இல்லை.

எங்கள் வீட்டில் கிழங்கு சேர்ப்பதில்லை, இருட்டிய பின் உண்பதில்லை, வடிகட்டாத நீரைத் தொடுவதில்லை. மூன்றாம் நாள் மாலை, பொழுது சாய்ந்த பிறகு, மொட்டை மாடியில் ஹெலிகாப்டரிலிருந்து பொட்டலம் விழுந்தது. பூரியும் உருளைக்கிழங்கும். பத்து வயது மகன் என் முகத்தைப் பார்த்தான். அவன் அதுவரை கிழங்கு தின்றதில்லை. "சாப்பிடுப்பா" என்றேன். என் மனைவி திரும்பிக்கொண்டாள். பிறகு அவளும் சாப்பிட்டாள், நானும் சாப்பிட்டேன். பன்னிரண்டு வருஷம் அல்ல, மூன்றே நாள். பாடலிபுத்திரத்தில் தங்கிவிட்ட அந்த முனிவர்களை அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவர்கள் விதியை மீறியவர்கள் என்பதைக் காட்டிலும், புறப்பட வேண்டிய நாளில் புறப்படாதவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். என் குடோனைப்போல.

குடோனில் எட்டடி நீர் நின்று வடிந்திருந்தது. சேறு காய்ந்த சரிகை கறுத்துப் போய்க் கம்பிபோல் விறைத்துக் கிடந்தது. இருபது வருஷம் வாடகையில் மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நஷ்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் வரவில்லை.

இப்படிச் சொன்னால், அப்படியானால் ஆபத்தே இல்லாத ஊராகப் பார்த்துப் போய்விடலாமே என்று சிலர் கேட்பார்கள். அப்படி ஓர் ஊர் வரைபடத்தில் இருந்தது. நிலநடுக்க வரைபடத்தில் முதல் மண்டலம் என்று ஒன்று வைத்திருந்தார்கள், மிகக் குறைந்த ஆபத்து என்று பொருள். 1993 செப்டம்பர் 30 விடியற்காலை, மகாராஷ்டிரத்தில் அந்த மண்டலத்திலேயே கில்லாரிப் பகுதி இடிந்து ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மாண்டார்கள். மண்சாந்தில் அடுக்கிய கனமான கற்சுவர் வீடுகள் தூங்குகிறவர்கள் மேல் விழுந்தன. 2002ல் வரைபடத்தைத் திருத்தியபோது முதல் மண்டலத்தையே எடுத்துவிட்டார்கள். சென்னையும் அப்போதுதான் இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறியது. கில்லாரிப் பகுதியில் ஐம்பத்திரண்டு ஊர்களை வேறிடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். 2001 ஜனவரி 26 கட்சு நிலநடுக்கத்துக்குப் பிறகோ, ஊர்களை மாற்றும் பேச்சுக்குக் கட்சு மக்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய இடத்திலேயே உறுதியாகக் கட்டித் தாருங்கள் என்றார்கள். அவர்கள் முரட்டுத்தனமாகப் பேசவில்லை என்பது என் எண்ணம். அந்தப் பூகம்பத்தில் முந்நூறு கிலோமீட்டர் தள்ளிச் சூரத்திலும் ஆமதாபாத்திலும் அடுக்குமாடிகள் விழுந்து உயிர்கள் போயின. கீழ்த்தளத்தைக் கார் நிறுத்தச் சுவரில்லாமல் தூண் மட்டும் வைத்துத் திறந்துவிட்ட கட்டடங்கள் அவற்றில் பல. ஊர் மாற்றினாலும் அதே மாதிரி வீட்டுக்குத்தானே போகப்போகிறோம்!

இனி வீட்டு விஷயம். அன்றைக்கு மொட்டை மாடியில் கிழங்கு தின்ற என் மகன் இப்போது சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். "அப்பா, கடையைப் பார்ட்னர்கிட்ட விட்டாச்சு. ரெண்டு பேரும் அங்கே தனியா இருந்து என்ன பண்ணப் போறீங்க? இங்கே ஒரு ஃப்ளாட் பார்த்திருக்கேன், வாங்க" என்கிறான். போன மே மாதம் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினான். பள்ளமான இடம்தான், ஆனால் மே மாதத்தில் எந்த இடம் பள்ளமாகத் தெரியும்? விற்பனைப் பையன் ஏசி அறையில் மோர் கொடுத்து வரைபடம் காட்டினான். சதுர அடி விலை பக்கத்துப் பகுதியைவிட நன்றாகவே குறைவு. அங்கேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வெளியே வந்து, மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாவிடம், "ஏம்மா, இந்த இடத்துக்கு முன்னே என்ன பேரு?" என்று கேட்டேன். "இதுவா? கலங்கல் பள்ளம்பாங்க" என்றாள். என் மகன் சூரத்தில் பிறந்து குஜராத்திப் பள்ளியில் படித்தவன். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. "கலங்கல்னா என்னப்பா?" என்றான். ஏரி நிரம்பினால் மிச்ச நீர் வெளியேறுகிற வாய் அது என்று சொன்னேன். அந்த ஏரி எங்கே என்று அவன் கைப்பேசியில் தேடினான். பாதிதான் கிடைத்தது, மீதி லே-அவுட்.

ரேல் என்ற சொல்லுக்குச் சூரத்தில் நான் எப்படி நின்றேனோ, கலங்கல் என்ற சொல்லுக்கு அவன் தன் சொந்தத் தமிழ்நாட்டில் அப்படி நின்றான். வெளிமாநிலத்தில் வளர்ந்த நம் பிள்ளைகள் தமிழ்நாட்டுக்குத் திரும்பும்போது அவர்கள் அங்கே புதிதாகக் குடியேறுகிறவர்களே. தாங்கல், மதகு, உபரி வாய்க்கால், ஓடைப் புறம்போக்கு இவையெல்லாம் அவர்கள் காதில் விழாத சொற்கள். சென்னையில் இந்தச் சொற்கள் மெல்ல அழிந்தும் வருகின்றன. தியாகராய நகர் 1920களில் பழைய நீண்ட ஏரியைத் தூர்த்து எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் ஏரிக்காட்சிச் சாலை என்ற பொருளில் லேக் வியூ ரோடு இருக்கிறது. காட்சிக்கு ஏரி இல்லை. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடம். வேளச்சேரியின் பழைய படத்தைப் பார்த்தால் நீரும் சதுப்பும்தான். 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது, தண்ணீர் புது இடம் எதையும் தேடவில்லை; பழைய முகவரிக்குப் போயிற்று. நாலே வருஷத்தில், 2019 கோடையில் அதே சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போயிற்று. காவிரிப்பூம்பட்டினமும் காஞ்சியும் ஒரே ஊரில். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மறுபடியும் வெள்ளம்.

மகன் கோபித்துக்கொண்டான். "நீங்க மட்டும் என்னப்பா, நாற்பது வருஷம் தாபிக் கரையிலதானே இருந்தீங்க?" என்று கேட்டான். கேட்டது நியாயம். எந்த ஊரிலும் இருக்கலாம், எந்தத் தெரு, எந்த மட்டம், சுவரில் கோடு எங்கே என்று தெரிந்துகொண்டு இருக்க வேண்டும் என்றேன். 2006க்குப் பிறகு நான் சூரத்தை விட்டுப் போகவில்லை. குடோனைத்தான் மாற்றினேன், பழைய நகருக்குள் மேட்டுத் தெருவில் முதல் மாடிக்கு, இரண்டு மடங்கு வாடகைக்கு. அந்தக் காரீகர் அப்போது உயிரோடு இல்லை. அவர் மகன் வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

ஆரணிக்கே போய்விடலாமே என்று என் மனைவி சொல்கிறாள். அங்கே வெள்ளம் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக் கிணறு என் சிறுவயதில் ஏற்றம் இறைத்தது, இப்போது ஆழ்துளையில் அறுநூறு அடிக்குக் கீழே மோட்டார் தொங்குகிறது. நல்ல மருத்துவமனைக்கு வேலூர் போக வேண்டும். இதையும் கணக்கில் எழுதித்தான் ஆக வேண்டும், எனக்கு அறுபது தாண்டிவிட்டது.

அந்தக் கலங்கல் பள்ளத்து ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்டவில்லை. மகன் வேறு இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறான், ஒன்று கொஞ்சம் மேட்டில் இருக்கிறது என்கிறான், விலை கூடுதல். வைகாசியில் வந்து பாருங்கள் என்றான். வேண்டாம், கார்த்திகையில் வருகிறேன், அடைமழை பிடித்த ஒரு வாரம் உன்னோடு தங்கித் தினம் காலையில் குடையோடு போய் அந்தத் தெருவில் நின்று பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நவஜீவன் எக்ஸ்பிரசில் இரண்டு டிக்கெட் போட்டாயிற்று.